மெய்நிகராக்க மென்பொருள்

ஒரே கணினியில் பல இயங்குதளங்களை, ஒன்று மற்றதை அறியாதபடி ஓடவைக்கும் மென்பொருள் இது. உள்ளே ஓடும் ஒவ்வொன்றும் பிராசசர், நினைவகம், வட்டு எல்லாம் தனக்கே சொந்தம் என்று நம்பிக்கொண்டு வேலை பார்க்கும். உண்மையில் அவற்றைப் பங்கிட்டுக் கொடுக்கும் அடுக்குக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். வி.எம்.வேர் வொர்க்ஸ்டேஷன், விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற டெஸ்க்டாப் வகைகள் விண்டோஸிலோ லினக்ஸிலோ மற்ற மென்பொருள்களைப் போலவே நிறுவப்படுபவை. இ.எஸ்.எக்ஸ், ஸென் போன்ற சர்வர் வகைகள் வெறும் வன்பொருளின் மீதே அமர்பவை. பாடப்புத்தகப் பிரிவு இவ்வளவுதான். நடைமுறையில் இந்தக் கோடு அடிக்கடி அழிந்துவிடும். பயனாளரைப் பாடாய்ப்படுத்தும் கோளாறுகளில் பல அந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

இதன் வேர் ஐ.பி.எம்மில் இருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் இருந்த அதன் ஆய்வு மையத்தில், ராபர்ட் க்ரீஸி தலைமையிலான குழு 1964இல் சி.பி-40 என்ற அமைப்பைத் தொடங்கியது. 1967 ஜனவரியில் அது புழக்கத்துக்கு வந்தபோது ஒரே இயந்திரத்தில் 14 மெய்நிகர் கணினிகள்வரை ஓடின. 1972இல் இதன் வழிவந்த வி.எம்/370 வணிகப் பொருளாக வெளியானது.

இந்த வித்தைக்கு எந்த வன்பொருள் ஒத்துவரும் என்பதற்கு ஜெரால்ட் போபெக்கும் ராபர்ட் கோல்ட்பர்க்கும் 1974இல் இலக்கணம் வகுத்தனர். இயந்திரத்தின் நிலையைத் தொடுகிற எந்தக் கட்டளையையும், அதிகாரமில்லாத ஒரு நிரல் கொடுத்தால், பிராசசர் உடனே நிறுத்தி ஹைப்பர்வைசரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அதன் சாரம். இன்டெலின் எக்ஸ்86 இந்தத் தேர்வில் தோற்றது. அதன் ‘பாப்எஃப்’ கட்டளை ஓர் உதாரணம்: இடைமறிப்புகளை அணைக்கச் சொல்லி அதிகாரமில்லாத நிரல் அதைப் பயன்படுத்தினால், பிராசசர் அந்தப் பகுதியைச் சத்தமில்லாமல் புறக்கணித்துவிட்டு மேலே நகர்ந்துவிடும். பிழை எழாததால் ஹைப்பர்வைசருக்குச் சேதியே போகாது. பென்டியத்தில் இப்படிப்பட்ட கட்டளைகள் 17 என்று 2000இல் வெளியான ஓர் ஆய்வு பட்டியலிட்டது.

அந்தப் பட்டியல் வருவதற்கு முன்பே வழி கண்டுபிடித்தாகிவிட்டது. ஸ்டான்ஃபோர்டில் ‘டிஸ்கோ’ ஆய்வை நடத்திய மெண்டல் ரோசன்ப்ளம், எட்வார்ட் புன்யோன், ஸ்காட் டெவைன் ஆகியோர், டயேன் கிரீன், எல்லன் வாங் ஆகியோருடன் சேர்ந்து 1998இல் வி.எம்.வேர் நிறுவனத்தைத் தொடங்கினர். 1999இல் வெளியான வொர்க்ஸ்டேஷன், உள்ளே ஓடும் ‘விருந்தினர்’ இயங்குதளத்தின் சிக்கலான கட்டளைகளை ஓடும்போதே வேறு கட்டளைகளாக மாற்றி எழுதியது. சர்வருக்கான இ.எஸ்.எக்ஸ் 2001இல் வந்தது.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவான ஸென் வேறு வழியில் போனது. ஏமாற்றுவானேன், விருந்தினரிடமே உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அதன் கெர்னலைத் திருத்தியது. வேகம் கிடைத்தது, ஆனால் மூலநிரல் கைக்கு எட்டாத விண்டோஸை அப்படித் திருத்த முடியாது. 2003இல் வெளியான ஸென் ஆய்வுக்கட்டுரையில் ஓர் இடம் சுவையானது. அதில் வி.எம்.வேரின் டெஸ்க்டாப் பதிப்போடுதான் ஒப்பீடு இருக்கிறது. இ.எஸ்.எக்ஸின் உரிம விதிகள் காரணமாக அதன் அளவீடுகளைத் தர முடியவில்லை என்று ஆசிரியர்களே எழுதியிருக்கிறார்கள். எந்த ஹைப்பர்வைசர் வேகமானது என்ற விவாதத்தில் பல ஆண்டுகள் நிலவிய குழப்பத்துக்கு இந்த வகை விதிகளுக்கும் பங்கு உண்டு.

2005 நவம்பரில் இன்டெல், 2006இல் ஏ.எம்.டி என இரு நிறுவனங்களும் பிராசசரிலேயே மெய்நிகராக்க வசதியைச் சேர்த்தன. இனி மென்பொருள் தந்திரம் தேவையில்லை என்று பலரும் நினைத்த வேளையில், வி.எம்.வேரின் கீத் ஆடம்ஸும் ஓலே அகேசனும் 2006இல் நேர்மாறான முடிவை வெளியிட்டனர்: முதல் தலைமுறை வன்பொருள் வசதி பல வேலைகளில் பழைய தந்திரத்தைவிட மெதுவானது. சொந்தக் கட்சிக்கான வாதம் என்று ஒதுக்கிவிட முடியாது; காரணம் தெளிவாக இருந்தது. நினைவக அட்டவணையை விருந்தினர் மாற்றும்போதெல்லாம் ஹைப்பர்வைசருக்கும் விருந்தினருக்கும் இடையே போய்வர வேண்டியிருந்தது, அந்தப் பயணத்துக்கு அதிக நேரம் பிடித்தது. நினைவகத்துக்கும் வன்பொருள் உதவி வந்த பிறகுதான் தராசு மறுபக்கம் சாய்ந்தது.

அதன்பின் போட்டி பெருகியது. லினக்ஸ் கெர்னலையே ஹைப்பர்வைசராக மாற்றும் கே.வி.எம் 2007 பிப்ரவரியில் 2.6.20 பதிப்போடு சேர்ந்தது. ஜெர்மனியின் இன்னோடெக் அதே ஆண்டு விர்ச்சுவல்பாக்ஸின் மூலநிரலைத் திறந்துவிட்டது. அது பின்னர் சன் வழியாக ஆரக்கிளின் கைக்குப் போனது. மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி 2008இல் வந்தது.

அந்த 2008இன் ஆகஸ்ட் 12, சர்வர் நிர்வாகிகள் நெடுநாள் பேசிய தேதி. இ.எஸ்.எக்ஸ் 3.5இன் இரண்டாம் அப்டேட்டை நிறுவியிருந்த இடங்களில், அணைத்துவைத்த மெய்நிகர் கணினிகள் மறுபடி எழ மறுத்தன. ஓடிக்கொண்டிருந்தவற்றுக்கு ஆபத்தில்லை, ஆனால் அவற்றை வேறொரு சர்வருக்கு நகர்த்த முடியவில்லை. திரையில் வந்ததோ பொதுவான ஒரு ‘உள் பிழை’. லாகைத் திறந்து பார்த்தவர்களுக்குத்தான் பொருளின் காலம் முடிந்துவிட்டது என்ற வரி தெரிந்தது. வெளியீட்டுக்கு முன் நீக்கியிருக்க வேண்டிய காலாவதி நிரல் உள்ளேயே தங்கிவிட்டதாம். வி.எம்.வேரில் புதிதாகப் பொறுப்பேற்றிருந்த தலைவர் பால் மாரிட்ஸ் மன்னிப்புக் கேட்டார். திருத்தம் வரும்வரை கையிலிருந்த வைத்தியம், சர்வரின் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுவது. அதிலும் ஒரு கண்ணி: மெய்நிகர் கணினி எழும்போது தன்னைத் தாங்கும் சர்வரிடம்தான் நேரம் கேட்கும். விண்டோஸ் டொமைனில் கடிகார வேறுபாடு 5 நிமிடத்தைத் தாண்டினால் லாகின் மறுக்கப்படுவது இயல்பான அமைப்பு. ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்றைக் கெடுத்துக்கொள்ளும் வாய்ப்பு தாராளமாக இருந்தது.

டெஸ்க்டாப்பில் தலைவலி வேறு வகை. 64 பிட் விருந்தினரே விர்ச்சுவல்பாக்ஸ் பட்டியலில் இல்லையென்றால், பயாஸில் மெய்நிகராக்க வசதி அணைந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அது இயங்கியும் வேகம் நத்தையாக இருந்தால், சாளரத்தின் அடிப்பட்டையில் பச்சை ஆமைப் படம் தெரிகிறதா என்று பார்ப்பது நல்லது. ஆமை இருந்தால் ஹைப்பர்-வி விழித்திருக்கிறது என்று பொருள். விண்டோஸ் 10இலும் 11இலும் லினக்ஸ் துணையமைப்பின் இரண்டாம் பதிப்பு, ‘நினைவக ஒருமைப்பாடு’ என்ற பாதுகாப்பு வசதி போன்றவை ஹைப்பர்-வியை எழுப்பிவிடும். அப்போது விண்டோஸே அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வன்பொருளை நேரடியாகத் தொட்டுப் பழகிய மூன்றாவது மென்பொருளுக்குக் கீழே இடம் கிடைக்காது. வி.எம்.வேர் வொர்க்ஸ்டேஷன் 2020வரை இந்நிலையில் இயங்கவே மறுத்தது. பிறகு ஹைப்பர்-வியின் வழியாகவே ஓடக் கற்றுக்கொண்டது. வேகம் வேண்டுமென்றால் அந்த வசதிகளை அணைத்து மறுதொடக்கம் செய்வதுதான் வழி, பாதுகாப்பில் ஒரு படி இறங்கச் சம்மதமென்றால்.

2023 நவம்பரில் பிராட்காம் வி.எம்.வேரை வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனை நின்று சந்தா முறை வந்தது. அதுவரை வேகத்தையும் வசதியையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்த நிறுவனங்கள் விலைப்பட்டியலை ஒப்பிடத் தொடங்கின. வியன்னாவில் உருவான, கே.வி.எம்மை அடிப்படையாகக் கொண்ட பிராக்ஸ்மாக்ஸ், 2024இல் இ.எஸ்.எக்ஸ் கணினிகளை நேரடியாக இழுத்துக்கொள்ளும் கருவியைச் சேர்த்தது. இடம் மாறிய விண்டோஸ் முதல் துவக்கத்திலேயே, துவக்க வட்டை அணுக முடியவில்லை என்று நீலத் திரை காட்டுவது இங்கே அடிக்கடி வரும் சிக்கல். வட்டின் தரவு கெடவில்லை, கே.வி.எம்மின் ‘விர்ட்ஐஓ’ வட்டுக்கான டிரைவர் அந்த விண்டோஸில் இல்லை. பழைய சாட்டா வகை வட்டாக மாட்டித் துவக்கி, பக்கத்தில் சின்னதாக ஒரு விர்ட்ஐஓ வட்டைச் சேர்த்து, டிரைவரை நிறுவியபின் முதன்மை வட்டை விர்ட்ஐஓவுக்கு மாற்றினால் விண்டோஸ் எழுந்துவிடும்.