தெப்ராவ் ஆற்றங்கரையும் மூப்பர்களின் பதிவேடும்



தெப்ராவ் என்றதும் இன்று நம் நினைவுக்கு வருவது நெடுஞ்சாலையும் பேரங்காடிகளும் வரிசை வரிசையான வீடமைப்புப் பகுதிகளும்தான். சுமார் 180 ஆண்டுகளுக்கு முன்பு அங்கே இருந்தவை ஓர் ஆறும் அடர்ந்த காடும் மட்டுமே. இப்படிப்பட்ட ஆற்றங்கரைகளில் உழைத்த மக்களிடையே ஜொகூரில் பிரஸ்பிட்டேரியன் சபை எப்படி வேரூன்றியது? அதிலிருந்து தமிழர்களாகிய நாம் கற்றுக்கொள்ள வேண்டியது என்ன? இதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

1844-ஆம் ஆண்டு வாக்கில் தெமெங்கோங் இப்ராகிம், ஜொகூர் ஆற்றங்கரைகளைத் திறந்துவிட, சீனத் தலைவர்களுக்கு 'சூராட் சுங்கை' எனும் ஆற்றுப் பத்திரங்களை வழங்கத் தொடங்கினார். பத்திரம் பெற்றவர் 'கங்சு' எனப்பட்டார். அவருடைய குடியிருப்பு 'கங்கார்' ஆயிற்று. தான் கீ சூன் என்பவரின் தலைமையில் தியோச்சு மக்கள் உருவாக்கிய கங்கார் தெப்ராவ், அவற்றுள் மிகப் பழையது.

அவர்கள் பயிரிட்டவை காம்பியரும் மிளகும். காம்பியர் இலையைக் காய்ச்சி எடுக்கும் சாறு தோல் பதனிட உதவும். மிஞ்சிய சக்கை மிளகுக்கு எருவாகும். ஆனால் காய்ச்சுவதற்கு விறகு வேண்டும். 15, 20 ஆண்டுகளில் விறகும் தீர்ந்துவிடும், மண்ணும் சத்திழந்துவிடும். உடனே அடுத்த காட்டைத் தேடிப் போக வேண்டியதுதான். இப்படி இடம் மாறிக்கொண்டே இருந்த மக்களிடையே ஒரு சபையைக் கட்டிக்காப்பது எளிதா?

அதற்கான பாதை சிங்கப்பூரில் தொடங்கியது. அங்கே பெஞ்சமின் கீஸ்பெரி எனும் பாதிரியார் மலாய் மொழியில் பள்ளியும் தேவாலயமும் நடத்தி வந்தார். பின்னாளில் ஜொகூர் சுல்தானாகிய அபு பக்கார் அவரிடம் பயின்ற மாணவர் என்பது குறிப்பிடத்தக்கது. 1875-இல் கீஸ்பெரி மறைந்தார். 1881-இல் இங்கிலாந்து பிரஸ்பிட்டேரியன் சபை, ஜே. ஏ. பி. குக் என்பவரைச் சீனர்களிடையே பணியாற்ற நியமித்தது. அதே சபை 1856 முதலே தியோச்சு மக்களின் தாயகமான ஸ்வாட்டோவ் பகுதியில் இயங்கி வந்தது. ஆகவே, அந்த மக்களின் பேச்சு மொழி சபைக்குப் புதிதல்ல. 1880-களில் அந்தப் பணி நீரிணையைக் கடந்து ஜொகூருக்கும் வந்தது. இன்றும் ஜொகூர் பாருவில் இயங்கும் ஹோலி லைட் தேவாலயத்தின் வேர்கள் அக்காலத்தைச் சேர்ந்தவை.

'பிரஸ்பிட்டேரியன்' என்ற சொல் எதைக் குறிக்கிறது? 'மூப்பர்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. இந்தச் சபையில் பிஷப் கிடையாது. சபையார் தேர்ந்தெடுத்த மூப்பர்கள் போதகருடன் கூடி நிர்வாகம் செய்வார்கள். நம்மவர்களுக்கும் இந்த மரபு தூரமானதல்ல. 1837-இல் சென்னைக்கு வந்த ஸ்காட்லாந்து பிரஸ்பிட்டேரியன் போதகர் ஜான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளிதான் பின்னர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது.

மூப்பர்களின் கடமைகளில் ஒன்று கணக்கு வைப்பது. கூட்டக் குறிப்பு, ஞானஸ்நானப் பதிவேடு, உறுப்பினர் பட்டியல் ஆகியவற்றை அவர்கள் எழுதிக் காக்க வேண்டும். போதகர் மாறலாம், மக்கள் ஊர்விட்டு ஊர் போகலாம். பதிவேடு இருந்தால் சபையின் நினைவு தொடரும்.

அந்த நினைவு பல சோதனைகளைக் கண்டது. 1901-இல் சிங்கப்பூரையும் ஜொகூரையும் சேர்ந்த சீன சபைகள் ஒரே மன்றமாக இணைந்தன. 1917-இல் கங்சு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. 1942-இல் ஜப்பானியர் வந்தனர். 1950 முதல் அவசர காலத்தில், சிதறி வாழ்ந்த சீனக் குடும்பங்கள் புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டன. சீனாவை விட்டு வெளியேற நேர்ந்த மிஷனரிகள் சிலர் அந்தப் புதுக்கிராமங்களுக்கு வந்து பணியாற்றினர். 1975-இல் மலேசிய, சிங்கப்பூர் சபைகள் தனித்தனி நிர்வாகமாயின. இத்தனை மாற்றங்களுக்குப் பிறகும் தங்கள் தொடக்கத்தை ஆண்டு நிறைவு மலர்களில் அச்சிட்டுச் சொல்ல அவர்களால் முடிகிறது.

இப்போது நம் பக்கம் வருவோம். காம்பியர் போன நிலத்தில் பால்மரம் வந்தது. பால்மரத்தோடு நம் முன்னோர் வந்தார்கள். தெப்ராவ் வட்டாரத் தோட்டங்களிலும் அவர்கள் வியர்வை சிந்தினார்கள். கோயில் கட்டினார்கள், ஜெபக்கூடம் அமைத்தார்கள், தமிழ்ப்பள்ளி நடத்தினார்கள். பிறகு தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின, மக்கள் கலைந்தார்கள். அந்தக் கோயிலை எழுப்பியது யார், எந்த ஆண்டில், யார் கொடுத்த நிலத்தில்? கேட்டால் பதில் சொல்ல எத்தனை பேர் இருக்கிறோம்?

இது வெறும் பழம்பெருமை அல்ல, நேயர்களே. நில விவகாரம் என்று வரும்போது "நாங்கள் வெகு காலமாக இருக்கிறோம்" என்ற வாய்ச்சொல் போதாது. ஒரு கடிதம், ஒரு வரவு செலவுக் கணக்கு, ஆண்டு குறித்த ஒரு புகைப்படம், இவைதான் நமக்காகப் பேசும்.

ஆலய நிர்வாகமோ சபையோ எதுவானாலும், அடுத்த கூட்டத்தில் ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தை வாங்கி வையுங்கள். ஊரில் மூத்தவர்களை உட்கார வைத்துக் கேளுங்கள். பெயர், ஆண்டு, இடம் மூன்றையும் எழுதி, இருவர் கையெழுத்திடுங்கள். மூப்பர்கள் செய்த வேலையும் இதுதான். இதைச் செய்யப் பெரிய பணம் தேவையில்லை. ஆனால் சொல்லக்கூடிய பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே செய்தாக வேண்டும்.