மக்காச்சோளப் பூவமைப்பின் மரபியல்

மக்காச்சோளப் பூவமைப்பின் மரபியல் என்பது மக்காச்சோளச் செடியில் ஆண் பூக்களும் பெண் பூக்களும் தனித்தனியே உருவாவதைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களைப் பற்றிய துறை ஆகும். திண்டுக்கல் சமவெளியில் பெரும்பாலும் கோழித்தீவனத்திற்காகப் பயிரிடப்படும் வீரிய ஒட்டு மக்காச்சோளத்தின் விதை உற்பத்தி இப்பூவமைப்பையே சார்ந்துள்ளது. இம்மாவட்டத்தின் வாகரையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மக்காச்சோள ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ளது.

பூவமைப்பு

நெற்பூவில் மகரந்தத்தாளும் சூலகமும் ஒன்றாக அமைந்திருக்கும். மக்காச்சோளத்திலோ ஆண் மஞ்சரி செடியின் உச்சியிலும், பெண் கதிர் இலைக்கக்கத்திலும் தோன்றுகின்றன. கதிர் நுனியில் தொங்கும் பட்டிழை ஒவ்வொன்றும் ஒரு சூலகத்தின் நீட்சியாகும்; ஓர் இழைக்கு ஒரு மணி. மகரந்தம் சேராத இழைக்குரிய இடத்தில் மணி பிடிப்பதில்லை. மானாவாரி நிலங்களில் பூக்கும் தறுவாயில் வறட்சி நேர்ந்தால் பட்டிழைகள் பிந்தி வெளிவருகின்றன. அதற்குள் மகரந்தம் உதிர்ந்துவிடுவதால், செடி செழிப்பாகத் தோன்றினும் கதிர் பொக்காகிவிடும். ஆகவே இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடைப்பட்ட நாட்கள் குறைவாக உள்ள வகைகளைப் பயிர்ப்பெருக்க அறிஞர்கள் தேர்ந்தெடுக்கின்றனர்.

மரபணுக்கள்

இருவகைப் பூமொட்டுகளும் தொடக்கத்தில் இருபால் மொட்டுகளே. பின்னர் உச்சியில் சூலகமும், கதிரில் மகரந்தத்தாளும் வளர்ச்சி குன்றுகின்றன. சூலகத்தை அழிக்கும் 'டாசல்சீட்2' மரபணு 1993இல் பிரித்தறியப்பட்டது. 'டாசல்சீட்1' ஜாஸ்மோனிக் அமில உற்பத்திக்குரிய நொதியைத் தருகிறது என்பது 2009இல் தெரியவந்தது. இவற்றுள் ஒன்று பழுதுற்றாலும் ஆண் மஞ்சரியிலேயே மணிகள் உருவாகலாம். கதிரின் சூலகத்தை இவ்வழிவிலிருந்து காப்பது 'சில்க்லெஸ்1' மரபணு. ஜிப்பரெல்லின் குறைந்த சில குட்டை வகைகளின் கதிரில் மகரந்தப்பைகளும் தோன்றுகின்றன.

பயிர்ப்பெருக்கம்

இரு தூய வழிகளைக் கலந்து ஒட்டு விதை பெறப்படுகிறது. எடுத்துக்காட்டாக, கோ 6 ஒட்டின் பெற்றோர் யு.எம்.ஐ. 1200, யு.எம்.ஐ. 1230 என்பனவாகும். ஒட்டுப்பயிரின் மணியை மீண்டும் விதைத்தால் பண்புகள் பிரிந்து விளைச்சல் குறையும். எனவே உழவர் பருவந்தோறும் புதுவிதை வாங்க வேண்டியுள்ளது.

விதை வயலில் பெண் வரிசைச் செடிகளின் ஆண் மஞ்சரிகள் மகரந்தம் உதிர்க்குமுன் கையால் உருவி அகற்றப்படுகின்றன. தப்பிய செடிகள் தன்மகரந்தச் சேர்க்கையுற்றால் நலிந்த பயிர் தரும் விதைகள் கலந்துவிடும். அவ்விழப்பு விதையை வாங்கிய உழவரையே சேரும்.

இவ்வேலையைத் தவிர்க்க அமெரிக்காவில் 'டெக்சாஸ்' எனப்படும் ஆண்மலட்டுக் குழியமுதல் பரவலாகப் பயன்பட்டது. ஆண்மலட்டுத்தன்மையை அளித்த அதே இழைமணி மரபணு, இலைக்கருகல் பூஞ்சையின் ஓர் இனத்திற்குச் செடியை இலக்காக்கியது. 1970இல் அந்நாட்டு மக்காச்சோள விளைச்சலில் ஏறத்தாழ 15 விழுக்காடு அழிந்தது. அதன்பின் மஞ்சரிகளை அகற்றும் முறைக்கே விதை உற்பத்தியாளர்கள் பெருமளவில் திரும்பினர்.