கொள்கை விவாதம் (அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள்)

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அணிக்கு இருவராக மோதும் வாதப் போட்டி கொள்கை விவாதம். ஆண்டு முழுவதும் நாடெங்கும் ஒரே தலைப்பு. கூட்டாட்சி அரசு இன்னதைச் செய்ய வேண்டும் என்ற வடிவில் அது அமையும். 2024-25 பள்ளி ஆண்டில், காப்புரிமை, பதிப்புரிமை, வணிகக்குறி ஆகியவற்றுக்கான பாதுகாப்பை வலுப்படுத்துவது பற்றி வாதிட்டார்கள். ஒரு சுற்றில் ஆதரித்த அணியே இன்னொரு சுற்றில் எதிர்க்க வேண்டும். இந்தப் போட்டியின் உயிரே இந்த விதிதான்: தனக்கு உடன்பாடில்லாத தரப்பையும் மாணவர் ஆழப் படித்தாக வேண்டும்.

நால்வரும் ஆளுக்கு இருமுறை பேசுவர். முதலில் 8 நிமிட வாத உரை, பின்னர் 5 நிமிட மறுப்புரை. ஒவ்வொரு வாத உரைக்குப் பிறகும் 3 நிமிடம் குறுக்கு விசாரணை. ஆதரவு அணி தொடங்கும், அதுவே முடிக்கும். இதற்கு ஈடாக நடுவில் எதிரணியின் இரு உரைகள் அடுத்தடுத்து வரும். மொத்தம் 13 நிமிடம். அவ்வளவுக்கும் 5 நிமிடத்தில் பதில் சொல்ல வேண்டிய ஆதரவு அணிப் பேச்சாளரின் வேலைதான் ஆகக் கடினம். மறுக்காமல் விட்ட வாதம் பொதுவாக ஒப்புக்கொண்டதாகவே கொள்ளப்படும். அதனால் எது எதற்குப் பதில் என்று எல்லோரும் பத்தி பத்தியாகக் குறித்துக்கொண்டே இருப்பர். இந்தக் குறிப்புக்கு 'ஃப்ளோ' என்று பெயர்.

சான்றுக்குப் பெயர் 'கார்டு'. மேலே ஒரு வரியில் வாதம். அடுத்து எழுதியவர் பெயரும் ஆண்டும். கீழே மூலப் பகுதி அப்படியே. அதில் அடிக்கோடிட்ட வரிகளை மட்டும் வாசிப்பர். முன்பு பெட்டி பெட்டியாகச் சுமந்த இந்தத் தாள்கள் இப்போது மடிக்கணினிக்குள் வந்துவிட்டன.

நேரத்துக்குள் கூடுதல் வாதங்களை அடுக்க, நிமிடத்துக்கு 300 சொற்களுக்கு மேல் கொட்டும் 'ஸ்பிரெடிங்' பழக்கம் பரவியது. பழகாத காதுக்கு ஒன்றும் புரியாது. பொதுமக்களிடமிருந்து இந்த விவாதத்தைப் பிரித்த பெரிய குறை இது. எவரும் கேட்டுப் புரிந்துகொள்ளும்படி 2002இல் தொடங்கிய 'பப்ளிக் ஃபோரம்' விவாதம் இதற்கு ஒரு மாற்று.

விஸ்கான்சின் மாநிலத்தின் ரிப்பன் நகரில் 1925இல் புரூனோ ஜேக்கப் நிறுவிய தேசிய ஃபோரென்சிக் லீக் என்ற பள்ளிப் பேச்சு, விவாத அமைப்பு, 1931இல் அங்கேயே முதல் தேசியப் போட்டியை நடத்தியது. கென்டக்கி பல்கலைக்கழகம் நடத்தும் 'டோர்னமென்ட் ஆஃப் சாம்பியன்ஸ்' போட்டிக்குத் தனி மதிப்புண்டு. பயணம், பயிற்சியாளர், கோடை முகாம் எனச் செலவு அதிகம் என்பதால் வசதியுள்ள பள்ளிகளே நெடுங்காலம் கோலோச்சின. 1985இல் எமரி பல்கலைக்கழகத்தின் துணையோடு அட்லாண்டாவில் உருவான நகர்ப்புற விவாத லீக், வசதி குறைந்த அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இந்தக் களத்தைத் திறந்தது. பின்னர் சிகாகோ, பால்டிமோர் உள்ளிட்ட நகரங்களிலும் இத்தகைய லீகுகள் தோன்றின.