மைண்ட் யுவர் லாங்குவேஜ்
லண்டன் வீக்கெண்ட் டெலிவிஷனுக்காக வின்ஸ் பவல் எழுதிய பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர். முதலில் 1977 முதல் 1979 வரை ஒளிபரப்பானது. மாலை வகுப்பில் வெளிநாட்டாருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் ஜெரமி பிரவுனாக பாரி எவன்ஸ் நடித்தார். எடுத்ததற்கெல்லாம் கைகூப்பி ஆயிரம் மன்னிப்புக் கேட்கும் ரஞ்சித் சிங்காக வந்த ஆல்பர்ட் மோசஸ், இலங்கையின் கம்பளையில் பிறந்தவர். சக மாணவி ஜமீலாவோ பாடம் நடக்கும்போதும் பின்னல் ஊசியைக் கீழே வைப்பதில்லை. இனங்களை ஒரே அச்சில் வார்த்துக் காட்டுகிறது என்ற கண்டனம் நியாயமானதே. ஆனாலும் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் புழங்கும் சிலிம் ரிவர் போன்ற, மலேசியாவின் பேராக் மாநில ஊர்களின் தமிழருக்கு அந்த வகுப்பறை அந்நியமன்று. இதன் அமெரிக்க வடிவமான 'வாட் எ கன்ட்ரி!' (1986–87) குடியுரிமைத் தேர்வு வகுப்பைக் களமாக்கியது. ஒரே பருவத்துடன் நின்றது. இரண்டில் பிரிட்டிஷ் மூலமே மேல்.