பொன்னும் விளக்கொளியும்: தஞ்சைப் பலகைப் படமும் பைசாந்தியத் திருவுருவமும்

தஞ்சை ஓவியத்தில் பொன்னும் கல்லும் மிகுந்து கோடு மெலிந்துவிட்டது எனக் குறைத்துரைப்போர் உண்டு. பெரிய கோயிலின் உட்சுற்றில் 1931இல் எஸ்.கே.கோவிந்தசாமி கண்டறிந்த சோழர் ஓவியங்களோடு வைத்துக் கண்டால் அக்குறை மெய்யெனவே தோன்றும். ஆயின், சுவரோவியத்தின் அளவுகோல் பலகைப் படத்துக்குப் பொருந்துமா? இதற்கு இனமான கலையைக் கடல் கடந்து, பைசாந்தியத்தில் தேடுதல் வேண்டும்.

பைசாந்தியத் திருவுருவமும் பலகைப் படமே. மரப்பலகைமேல் துணி ஒட்டி, வெண்பூச்சிட்டு, பொற்றகடு பதித்து, முட்டைக்கருவில் குழைத்த வண்ணம் தீட்டினர். காவிரிக் கரையில் பலாப்பலகை, துணி, புளியங்கொட்டைப் பசை, சுண்ணப்பொடி. அவற்றின்மேல் புடைப்பு வேலை, கற்பதிப்பு, தங்கரேக்கு. இரண்டிலும் விழும் நிழல் இல்லை. தெய்வம் பேருருவாகவும் சூழ்ந்திருப்போர் சிற்றுருவாகவும் அமைவர்.

படம் வழிபடத் தக்கதா என்னும் பூசல் பைசாந்தியத்தை எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் உலுக்கியது. படத்துக்குச் செய்யும் சிறப்பு அது குறிக்கும் மூலத்தையே சேரும் என 787இல் நிக்கேயாப் பேரவை முடிவு கூறிற்று. 843இல் படவழிபாடு நிலைபெற்றது. அங்கே பின்புலம் முழுதும் பொன். அது காலமும் இடமும் கடந்த ஒளியின் குறி.

தஞ்சையிலோ பொன் வளைவிலும் தூணிலும் ஆடையிலும் அணியிலும் தங்குகிறது. மராத்தியர் ஆட்சியில், சிறப்பாக இரண்டாம் சரபோஜி (1798–1832) காலத்தில் தழைத்த இக்கலையில், வெண்ணெய்க் கண்ணனும் பட்டாபிஷேக இராமனும் கொலுமண்டபத்தில் வீற்றிருக்கின்றனர். அங்கே உலகைக் கடந்த ஒளி; இங்கே உலகுக்குள் வந்தமர்ந்த ஒளி.

இப்படங்கள் பூசையறையின் எண்ணெய் விளக்குக்கென எழுதப்பட்டவை. சுடர் அசையப் புடைத்த பொன்னும் கல்லும் மின்னி அசையும். பொன் படாத முகம் மட்டும் அமைதியாய் நிற்கும். தட்டையானது என இகழப்படும் முகத்தின் பயன் அங்கேதான் விளங்கும்.

2007–08இல் தஞ்சை ஓவியம் புவிசார் குறியீடு பெற்றது. அக்குறியீடு பெயரைக் காக்கும், விளக்கைக் காவாது. மின்னொளி படும் கூடத்துச் சுவரில் பொன் முந்த, முகம் பின்தங்குகிறது. கலையைப் பழிக்குமுன் அதனை அதற்குரிய ஒளியில் ஒருமுறை காண்பது முறையாகும். யாப்பறியாது பாடலைப் பழிப்பதை ஒவ்வாத புலவர்க்கு இது புதிய நெறியன்று.