குழாயின் திசை: உக்ரைன் வழி எரிவாயுப் போக்குவரத்தும் அதனைப் புதுப்பித்த முதலீடுகளும் (1967–2025)

ஆய்வுச் சுருக்கம்

சோவியத் எரிவாயுவை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்ற உக்ரைன் குழாய்வழிகளைப் புதுப்பிக்க 2009 முதல் பல திட்டங்கள் முன்வைக்கப்பட்டன. முழு அமைப்பையும் சீரமைக்க வரையப்பட்ட பெருந்திட்டங்களைக் காட்டிலும், எல்லைகளில் வாயுவின் ஓட்டத்தை இருதிசைப்படுத்திய சிறு முதலீடுகளே விளைவு மிக்கவையாக அமைந்தன என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: இயற்கை எரிவாயு, உக்ரைன், ஸ்லோவாக்கியா, எதிர்த்திசை ஓட்டம், ஐரோப்பிய ஒன்றியம், காஸ்ப்ரோம்.

ஒருதிசை அமைப்பின் தோற்றம்

1967-இல் செக்கோஸ்லோவாக்கியாவை எட்டிய ‘பிராத்ஸ்த்வோ’ (சகோதரத்துவம்) குழாய்வழியில் முதலில் ஓடியது சைபீரிய வாயு அன்று. மேற்கு உக்ரைன் வயல்களில் எடுக்கப்பட்ட வாயுவே. 1968-இல் ஆஸ்திரியாவுக்கு விற்பனை தொடங்கியது. 1970-இல் மேற்கு ஜெர்மனியுடன் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கையின்படி அந்நாடு பெருவிட்ட எஃகுக் குழாய்களை வழங்க, சோவியத் ஒன்றியம் வாயுவால் விலை செலுத்தியது. உக்ரைன் வயல்களின் வளம் குன்றியபின் தொலைகிழக்கே இருந்த ஊற்றுகளை நாட வேண்டியதாயிற்று. பின்னாளில் உக்ரைன் வாங்குபவராகவும் வழிவிடுபவராகவும் மட்டுமே அறியப்பட்டதால் இத்தொடக்க நிலை பலராலும் மறக்கப்பட்டது.

ஒரென்பர்க்கிலிருந்து உழ்ஹொரோத் எல்லை வரையிலான ‘சோயூஸ்’ குழாய்வழியைக் கிழக்கு ஐரோப்பிய நட்பு நாடுகள் 1970-களின் பிற்பகுதியில் பகுதி பகுதியாகக் கட்டின. அவற்றுக்குரிய ஊதியமும் வாயுவாகவே வழங்கப்பட்டது. அடுத்து வந்தது 4,451 கி.மீ. நீளமுள்ள உரெங்கோய்–பொமாரி–உழ்ஹொரோத் குழாய்வழி. போலந்தில் இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டதை அடுத்து, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரொனால்ட் ரேகன் 1981 டிசம்பரில் இதற்கான கருவிகளின் ஏற்றுமதியைத் தடைசெய்தார். 1982 ஜூனில் ஐரோப்பாவில் இயங்கும் அமெரிக்க நிறுவனங்களின் கிளைகளுக்கும் உரிமம் பெற்றோருக்கும் அத்தடையை விரித்தார். தாட்சர் அரசு உட்பட ஐரோப்பிய அரசுகள் இதனை ஏற்க மறுத்தன. 1982 நவம்பரில் தடை விலக்கப்பட்டது.

இக்குழாய்வழிகள் அனைத்தும் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கிய ஓட்டத்துக்காகவே வடிவமைக்கப்பட்டவை. நெடுந்தொலைவில் வாயுவின் அழுத்தம் குறைவதால் வழிநெடுகக் கம்ப்ரசர் நிலையங்கள் அதனை மீண்டும் அழுத்தி அனுப்புகின்றன. அந்நிலையங்களின் குழாய் இணைப்புகள், அடைப்பிதழ்கள், எல்லையிலுள்ள அளவீட்டுக் கருவிகள் ஆகிய அனைத்தும் ஒரே திசையை முன்னிறுத்தியவை. ஒரே அரசும் அதன் நட்பு நாடுகளும் ஆண்ட நிலப்பரப்பில் இதற்கு மாற்றான அமைப்பு எவருக்கும் தேவைப்படவில்லை. 1991-க்குப் பின் அந்நிலப்பரப்பில் எல்லைகள் எழுந்தன. குழாய்கள் பழைய திசையிலேயே நீடித்தன.

2009 ஜனவரி: குறை வெளிப்பட்ட தருணம்

விலை, நிலுவைத் தொகை ஆகியவை குறித்து ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் எழுந்த பூசல் 2006-இல் சில நாட்களே நீடித்தது. 2009-இல் நிலைமை வேறு. ஜனவரி 7 முதல் 20 வரை உக்ரைன் வழியே ஐரோப்பாவுக்கு வாயு வரவில்லை. கடுங்குளிரில் பல்கேரியாவில் வீடுகளும் பள்ளிகளும் வெப்பமூட்டலின்றித் தவித்தன. ஸ்லோவாக்கியா நெருக்கடிநிலையை அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும்போது அளித்த உறுதிமொழிப்படி சில நாட்களுக்கு முன்புதான் மூடியிருந்த பொஹுனிட்சே அணு உலையை மீண்டும் இயக்கலாமா என்றுகூட அந்த அரசு ஆலோசித்தது.

இந்த நாட்களில் மேற்கு ஐரோப்பாவின் சேமிப்பகங்களில் வாயு இருந்தது. ஸ்லோவாக்கியாவுக்கும் செக் குடியரசுக்கும் இடையே பெருங்குழாய்களும் இருந்தன. ஆனால் அவற்றில் கிழக்கு நோக்கி வாயுவை அனுப்ப வழியில்லை. செக் பொறியாளர்கள் தற்காலிக ஏற்பாடுகளால் ஓட்டத்தைத் திருப்பியபோது நெருக்கடி முடிவை நெருங்கிவிட்டது. ஆகவே 2009-இன் தட்டுப்பாட்டை வாயுவின் பற்றாக்குறை என்பதைவிடத் திசையின் பற்றாக்குறை என்பதே பொருந்தும்.

இரு முதலீட்டுப் பாதைகள்

நெருக்கடியின் விளைவாக இரு முயற்சிகள் தோன்றின. முதலாவது, 2009 மார்ச் 23 அன்று பிரசெல்சில் ஐரோப்பிய ஒன்றியமும் உக்ரைனும் கையெழுத்திட்ட கூட்டறிக்கை. ஐரோப்பாவுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 14,200 கோடி கன மீட்டர் அனுப்பும் திறன் கொண்டிருந்த அமைப்பைப் பன்னாட்டு வங்கிக் கடனால் புதுப்பிக்க அது வழிவகுத்தது. தன்னைக் கலந்துகொள்ளவில்லை எனக் கூறி ரஷ்யத் தூதுக்குழு மாநாட்டிலிருந்து வெளியேறியது. நாஃப்டோகாஸ் நிறுவனத்தின் நிருவாகச் சீர்திருத்தத்தைக் கடன் வழங்குவோர் எதிர்பார்த்ததால் பணிகள் இழுபட்டன. ஐரோப்பிய முதலீட்டு வங்கியும் மறுசீரமைப்பு மற்றும் வளர்ச்சிக்கான ஐரோப்பிய வங்கியும் உரெங்கோய் குழாய்வழிக்கான கடன் ஒப்பந்தங்களை 2014 டிசம்பரில்தான் கையெழுத்திட்டன. அதற்குள் பால்டிக் கடலடியில் ‘நார்ட் ஸ்ட்ரீம்’ இயங்கத் தொடங்கி மூன்றாண்டுகள் கடந்திருந்தன. புதுப்பிக்கப்படும் வழியில் வாயு வருமா என்ற வினாவுக்கு விடைகூறும் அதிகாரம் கடன் கொடுத்தோரிடமும் இல்லை, கடன் பெற்றோரிடமும் இல்லை.

இரண்டாவது முயற்சி ஓசையின்றி நடந்தது. பொருளாதார மீட்சிக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் ஏற்படுத்திய ஏறத்தாழ 400 கோடி யூரோ மதிப்புள்ள எரிசக்தித் திட்டத்தில், ஒன்பது நாடுகளின் எதிர்த்திசை ஓட்டப் பணிகளுக்கு ஒதுக்கப்பட்டது 8 கோடி யூரோ மட்டுமே. அடைப்பிதழ்களை மாற்றுதல், கம்ப்ரசர் நிலையங்களின் இணைப்புகளைத் திருத்துதல், இருதிசை அளவீட்டுக் கருவிகளை நிறுவுதல் போன்றவையே அப்பணிகள். அதனோடு ஒரு சட்டமும் வந்தது. உறுப்பு நாடுகளுக்கிடையிலான எல்லை இணைப்புகளில், விலக்கு பெற்றவை நீங்கலாக, 2013 டிசம்பர் 3-க்குள் இருதிசைத் திறன் அமைய வேண்டும் என 994/2010 எண்ணுள்ள ஒழுங்குவிதி கட்டளையிட்டது. சட்டக் கட்டாயமும் சிறு நிதியும் இணைந்ததே இம்முயற்சியின் வலிமை.

வோயானி–உழ்ஹொரோத்: ஒரு சிறு குழாயின் பங்கு

2014 ஜூன் 16 அன்று காஸ்ப்ரோம் உக்ரைனுக்கான விற்பனையை நிறுத்தியது. கிழக்கில் போர் தொடங்கியிருந்த அச்சூழலில், குளிர்காலத்துக்குள் மாற்றுவழி காண வேண்டிய நெருக்கடி எழுந்தது. போலந்து, ஹங்கேரி வழியாக முன்பே ஓரளவு வாயு வந்துகொண்டிருந்தது. பெருந்திறன் ஸ்லோவாக்கிய எல்லையில்தான் இருந்தது. அங்குள்ள முதன்மைக் குழாய்களைத் திருப்பத் தொழில்நுட்பத் தடை பெரிதில்லை. ஆனால் காஸ்ப்ரோமுடன் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் அதற்கு இடந்தரவில்லை என ஸ்லோவாக்கியாவின் யூஸ்ட்ரீம் நிறுவனம் கருதியது.

எனவே அந்த ஒப்பந்தங்களுக்கு வெளியே, பயன்படாமல் கிடந்த வோயானி–உழ்ஹொரோத் குழாய் தேர்ந்தெடுக்கப்பட்டுச் சீரமைக்கப்பட்டது. 2014 செப்டம்பர் 2 அன்று அதில் வாயு கிழக்கு நோக்கி ஓடத் தொடங்கியது. அந்த இலையுதிர்காலத்தில் போலந்துக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் வந்த ரஷ்ய வாயு குறைந்தது. ஹங்கேரி தன் எதிர்த்திசை ஓட்டத்தைச் சில மாதங்கள் நிறுத்திவைத்தது. ஸ்லோவாக்கிய வழி தொடர்ந்து இயங்கியது. 2015 நவம்பருக்குப் பின் உக்ரைன் காஸ்ப்ரோமிடம் நேரடியாக வாயு வாங்கவில்லை. அந்த வாயுவின் ஒரு பகுதி ரஷ்யாவில் தோன்றி ஐரோப்பிய வணிகரிடம் கைமாறித் திரும்பியதே என்ற விமரிசனம் உண்மையானதே. எனினும் விலையையும் நிபந்தனையையும் ஒரே விற்பனையாளர் விதிக்கும் நிலை மாறியது. 2009-இல் ஸ்லோவாக்கியாவுக்குக் கிட்டாதது இதுவே.

2020-க்குப் பின்

2019 டிசம்பரில் ஐந்தாண்டு ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தாகி, குழாய்வழிகளை இயக்கும் பணி நாஃப்டோகாஸிடமிருந்து பிரிக்கப்பட்டுத் தனி நிறுவனத்திடம் சென்றது. அண்டை நாடுகளுடன் ஐரோப்பிய விதிகளின்படி புதிய இணைப்பு உடன்பாடுகள் ஏற்பட்டதால், மேற்கு நோக்கிச் செல்லும் வாயுவிலிருந்தே தன் கொள்முதலைக் கணக்களவில் ஈடுசெய்து எடுத்துக்கொள்ளவும் உக்ரைனால் முடிந்தது. யூஸ்ட்ரீமின் முதன்மைக் குழாய்களில் 2014-இல் இயலாதிருந்ததை ஓர் அங்குல எஃகையும் மாற்றாமல் உடன்பாட்டு விதிகள் சாதித்தன.

1998-இல் ஏறத்தாழ 14,100 கோடி கன மீட்டராக இருந்த இடைவழிப் போக்குவரத்து 2021-இல் 4,200 கோடிக்கும் கீழே வந்தது. முழுப்போர் தொடங்கியபின் 2022 மே முதல் சுத்ஜா நுழைவிடம் ஒன்றே எஞ்சியது. ஒப்பந்தம் காலாவதியானதால் 2025 ஜனவரி 1 அன்று அதுவும் நின்றது. கடன் பெற்றுப் புதுப்பிக்கத் திட்டமிட்ட மேற்கு நோக்கிய பெருவழிக்கு இன்று அனுப்புநர் இல்லை. ஸ்லோவாக்கியா, ஹங்கேரி, போலந்து எல்லைகளில் கிழக்கு நோக்கிய ஓட்டம் உக்ரைனின் குளிர்காலத் தேவைக்கு உதவுகிறது. ஒருகாலத்தில் ரஷ்ய வாயுவைத் துருக்கி வரை கொண்டுசென்ற பால்கன் குழாய்வழியில், 2025-இன் நடுப்பகுதியிலிருந்து கிரேக்கத்தில் பெறும் வாயுவைப் பல்கேரியா, ருமேனியா, மால்டோவா வழியாக வடக்கே உக்ரைனுக்கு அனுப்புவதற்கான தனிச் சேவை வழங்கப்படுகிறது.