வாடகைக் கப்பல், சொந்தக் கப்பல்

1906 அக்டோபரில் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசி நாவாய்ச் சங்கம் என்ற கப்பல் கம்பெனியைப் பதிவுசெய்தபோது அதற்கென்று ஒரு கப்பல்கூடக் கிடையாது. பம்பாய் ஷா லைன் கம்பெனியின் கப்பல்களை வாடகைக்கு எடுத்துத்தான் கொழும்புக்கு ஓட்டினார்கள். போட்டிக் கப்பல் நிறுவனமான பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி நெருக்கியதும் ஷா லைன் கப்பல்களைத் திரும்ப எடுத்துக்கொண்டது. வ.உ.சி. அவசரமாக இலங்கையிலிருந்து வேறொரு கப்பலை அமர்த்த வேண்டியிருந்தது.

2024 மார்ச் 31 அன்று யுபிசாஃப்ட் நிறுவனம் 'தி க்ரூ' கார்ப் பந்தய விளையாட்டின் சர்வர்களை நிறுத்தியபோது, காசு கொடுத்து வாங்கியவர்களுக்கும் இதே கதிதான்: அதன் பிறகு விளையாட முடியவில்லை. விற்றது உரிமம் மட்டுமே என்று நீதிமன்றத்தில் வாதாடியது கம்பெனி.

தூத்துக்குடிக்காரர்களோ சொந்தக் கப்பலுக்கே துணிந்தார்கள். பங்கு ஒன்று 25 ரூபாய். மொத்தம் 40,000 பங்குகள். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகள் வாங்கினார், அதாவது 2 லட்சம் ரூபாய்! 1907இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களும் வந்து சேர்ந்தன.

பிறகு கட்டணச் சண்டை. வெள்ளைக்காரக் கம்பெனி ஒரு ரூபாய்க்கு இறங்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கியது. பதிலுக்கு இலவசப் பயணம், கூடவே ஒரு குடை! பயணிகளுக்குக் கொண்டாட்டம்தான், போட்டியாளர் ஒழிந்த பிறகு கட்டணம் என்னவாகும் என்பது வேறு கேள்வி.

1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். அவர் சிறையில் இருக்கும்போதே, 1911இல், கம்பெனி கலைக்கப்பட்டது. காலியா கப்பல் போட்டிக் கம்பெனிக்கே விற்கப்பட்டது.